அப்பா, அது முன்சக்கர பேரிங் அல்ல

மேல்ப்பாறை எஸ்டேட் பவர் ஹவுஸ்,
பொன்முடி வழி.
ஆகஸ்ட் 4

அன்புள்ள மலர் மக்ளே,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருவதுதான்.

மழைக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி நீ தந்த உன் கம்பெனிக் கோட்டு எனக்கு வயிற்றுப் பக்கம் பற்றவில்லை. மூச்சை அடக்கித்தான் ஜிப்பை ஏற்றினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே பெட்டி ஆட்டோவை ஏற்றி, பவர் ஹவுஸ் வாசலில் நிறுத்தி, நீ கொடுத்தனுப்பிய எண்ணெய் கேனை எடுக்கக் குனிந்தேன். பின்னால் நின்ற ஒரு பெண் என் முதுகில் இருந்த கம்பெனிப் பெயரைப் படித்துவிட்டு, "எஞ்சினியர் சார் வந்நு!" என்று உள்ளே பார்த்துக் கூவினாள். ஷிஜி என்று பெயர், இங்கே ஆபரேட்டர். 'நான் எஞ்சினியர் இல்லை, அவளுடைய அப்பன்' என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன். அடக்கிய மூச்சு ஒன்றாக வெளியே வந்தது. ஜிப் வெடித்து அதன் இழுப்பான் ஷிஜியின் காலடியில் போய் விழுந்தது. அவள் அதைப் பொறுக்கி மரியாதையாகக் கையில் தந்தாள். அந்த வெட்கத்தில் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, 'எண்ணெயை எங்கே வைக்கணும்' என்று கேட்டேன்.

அப்புறம் மரச்சீனிக் கிழங்கும் மத்திக்கறியும் வைத்தார்கள். சாப்பிட்ட பிறகு ஒருவன் 'நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்' என்று சொல்லுவானா, நீயே சொல்லு. அரை மணி நேரம்தானே, எஞ்சினியராகவே ஏப்பம் விட்டு எஞ்சினியராகவே இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மலை வேறு கணக்குப் போட்டது. நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது கீழே பெரிய சத்தம். ரோடு போச்சு. கூடவே கீழேயிருந்து வரும் கரண்டுக் கம்பியும் போன் டவருக்குப் போகும் வயரும் போச்சு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்தோத்திரம். ஆனால் இந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கம்தான். நானும் வண்டியும் உட்பட.

இப்போது தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கெல்லாம் கரண்டு கொடுப்பது எஸ்டேட்டின் சொந்த டர்பைன் ஒன்றுதான், நீ உண்டாக்கிய பேரிங்கைப் போட்ட அதே மிஷின். மேல் லயத்தில் பார்வதியம்மாள் என்று ஒரு அம்மா. கொழுந்து கிள்ளிக் கிள்ளி நுரையீரல் போனதோ என்னவோ, ஆக்ஸிஜன் மிஷினில்தான் மூச்சு. அந்த மிஷின் கரண்டில்தான் ஓடும்.

அந்த டர்பைன் குலுங்குகிறது மக்ளே. தண்ணீர் சேறாக வருகிறது. நின்றால் அந்தக் குலுக்கம் தரை வழியாக முழங்காலுக்கு ஏறுகிறது. "இது எந்தா சாரே இங்ஙனெ குலுங்குன்னது?" என்று ஷிஜி கேட்டாள். குலுக்கத்தைக் காட்டும் மீட்டரில் நான் முள்ளைப் பார்த்தேன், முள் என்னைப் பார்த்தது. "ம்... கூடுதல்தான்" என்றேன். அவளும் தலையாட்டினாள்.

என்ன செய்யவேண்டும் என்று எழுது. ரேஷன் கடை செல்வகணேஷ் ஒருவனைத்தான் ஃபயர் ஃபோர்ஸ்காரர்கள் கயிற்றைப் பிடித்து அந்தப் பக்கம் விடுகிறார்கள். மருந்தும் அரிசியும் வாங்க கீழே வித்துராவுக்குப் போகிறான். அங்கே போனும் வேலை செய்யும். அவனை விட்டு உனக்குப் போன் செய்யச் சொல்லலாமே என்று நீ கேட்பாய். செய்யலாம். ஆனால் அவன் இந்த மலையின் வானொலி நிலையம். காலையில் அவன் காதில் விழுந்தால் மத்தியானம் எல்லா லயத்துக்கும் தெரியும். அதனால்தான் ஒட்டிய கவர். பதில் கவரின் மேல் 'அப்பா' என்று எழுதிவிடாதே. 'எஞ்சினியர் செல்வின்' என்று போடு.

உன் கால் எப்படி? அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

பத்தாம் கிளாஸை இரண்டாம் தடவையில் பாஸான,
உன் அப்பா

---

கிள்ளிப்பாலம்,
திருவனந்தபுரம்.
ஆகஸ்ட் 6

அப்பாவுக்கு,

செல்வகணேஷ் கவரைக் கொடுத்தனுப்பிய வித்துரா பஸ் கண்டக்டர் போன் செய்ய, அம்மா கிழக்கேக்கோட்டை ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் இந்தக் கவரை வாங்கி வந்தாள். உங்கள் கையெழுத்தைப் பார்த்து அங்கேயே அழுதிருக்கிறாள். நீங்கள் ரெஸ்ட் ஹவுஸில் மத்திக்கறி சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பதாகச் சொன்னேன். அது முதல் பொய். என் தமிழ் சண்டே ஸ்கூல் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திட்டுவதற்கு அது போதும்.

ஷிஜியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இதை முதலில் எழுதுகிறேன். ஏனென்றால் கீழே எழுதப்போவதை மட்டும் படித்துவிட்டு இதை விட்டுவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என்ன நடக்கிறது என்று நான் நினைப்பது இது. சேற்றுத் தண்ணீர் டர்பைன் சக்கரத்தை ஒரு பக்கமாக அரித்திருக்கும். சமன் போய்விட்டது. சமன் போன சக்கரம் சுற்றும்போது அதன் அச்சான ஷாஃப்டை உலுக்குகிறது. ரோடு திறக்கும் வரை சக்கரத்தை மாற்ற முடியாது. பேரிங் ஒன்றுதான் அந்த உலுக்கலைத் தாங்கவேண்டும்.

அந்த பேரிங்குக்குள் ஷாஃப்ட் எதையும் தொடுவதில்லை அப்பா. அதைச் சுற்றி நான்கு பேட் இருக்கின்றன, உள்ளங்கை அளவுக்கு வளைந்த உலோகத் துண்டுகள். பேட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே எண்ணெய், ஒரு தலைமுடி கனம்கூட இருக்காது. ஷாஃப்ட் அந்த எண்ணெயின் மேல் மிதக்கிறது. சாதாரண பேரிங்கில் அந்த இடைவெளியை மாற்ற முடியாது. இதில் முடியும். வெளியே நான்கு திருகு இருக்கிறது பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு பேட்டை உள்ளே தள்ளும் அல்லது பின்னால் இழுக்கும். தள்ளினால் எண்ணெய்ப் படலம் மெலிந்து விறைப்பாகும், ஆட்டம் குறையும். அதிகம் தள்ளினால் எண்ணெய் சூடாகும். இழுத்தால் குளிரும், ஆனால் ஆடும். எவ்வளவு என்பதுதான் என் நான்கு வருடப் படிப்பு.

இதை வைத்து வாழ்க்கை, குடும்பம், பெண்பிள்ளை வளர்ப்பு என்று எந்த உவமையும் எழுதி அனுப்பவேண்டாம். கேட்க நான் தயாராக இல்லை.

செய்யவேண்டியது: நீங்கள் கொண்டுபோன நீளத் திருகுச் சாவியால் மேலே உள்ள இரண்டு திருகை மட்டும், அதன் தலையைச் சுற்றிக் குறித்திருக்கும் கோடுகளில் ஒரு கோடு, ஒரே ஒரு கோடு உள்ளே திருப்பவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும். எண்ணெயின் சூடு எழுபது டிகிரியைத் தாண்டக்கூடாது. எண்பது வந்தால் மிஷினை நிறுத்திவிடவேண்டும். அவ்வளவுதான். கீழே உள்ள இரண்டையும் தொடக்கூடாது.

நான் வந்திருக்கவேண்டிய இடம் அது. டெஸ்ட் ஷெட்டில் நானே கொட்டிய எண்ணெயில் நானே வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு, இப்போது மாடியில் கட்டுப்போட்ட காலை நீட்டி சாலை மார்க்கெட் லாரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். படி இறங்க முடியாது. ஜன்னல் வரைக்கும்தான் என் உலகம்.

ஷிஜியிடம் சொல்லுங்கள்.

மலர்

---

பவர் ஹவுஸ்
ஆகஸ்ட் 8

மக்ளே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நீ உட்கார்ந்துதான் இருப்பாய், தெரியும். ஆனாலும்.

நீ சொன்னபடியே மேல் இரண்டும் ஒரு கோடு. முள் கொஞ்சம் இறங்கியது. சத்தியமாக இறங்கியது. ஷிஜி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும். என் ஐம்பத்தாறு வயசில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, உன் அம்மா உட்பட. வெளியே மழையில் ஏழெட்டுப் பேர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தர், "கண்டோடே, எஞ்சினியருக்க கை!" என்றார்.

அந்தக் கைதான் கெடுத்தது.

ஒரு கோட்டுக்கே இவ்வளவு என்றால் என்று யோசித்தேன். நம்ம ஆட்டோவில் முன்சக்கரம் ஆடினால் என்ன செய்வோம்? நட்டை முறுக்குவோம், ஆட்டம் முழுசாகப் போகிறவரை முறுக்குவோம், அப்புறம் பேருக்குக் கொஞ்சம் தளர்த்துவோம். முப்பது வருஷமாகச் செய்கிறேன், ஒரு சக்கரமும் கழன்று ஓடியதில்லை. அதே மாதிரி நாலு திருகையும், நீ தொடாதே என்ற கீழ் இரண்டையும் சேர்த்து, சாவி திரும்ப மாட்டேன் என்கிறவரை முறுக்கினேன்.

மிஷின் அமைதியானது மக்ளே. முள் படுத்துவிட்டது. தரையில் ஒரு நடுக்கம் இல்லை. "அய்யோ சாரே, ஒரு அனக்கமும் இல்லல்லோ!" என்று ஷிஜி தரையில் கையை வைத்துப் பார்த்தாள். கட்டன் சாயா வந்தது. நான் ஒரு வாய் குடித்தேன்.

அப்புறம் ஒரு வாடை. தோசைக்கல்லில் எண்ணெயை ஊற்றி மறந்துபோன வாடை. சூடு எண்பதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. நான் சாயாக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷிஜி ஓடிப்போய் தண்ணீர் வால்வை அடைத்தாள். மிஷின் நின்றது. லயம் முழுக்க இருட்டு.

இருட்டு பெரிய காரியமில்லை. மேலே பார்வதியம்மாளின் மிஷின் நின்றது.

டிஸ்பென்சரியில் இரண்டு சிலிண்டர்தான் இருந்தது. ஒன்றை நானும் இன்னொருத்தரும் தூக்கிக்கொண்டு ஏறினோம். நான் போனபோது அந்த அம்மாவின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. குழாயை வைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மனுஷ நிறம் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரு இருக்கியள்லா, எனக்கு என்ன பயம்" என்றாள். நான் செய்த வேலைக்கு எனக்கே அந்தக் கை பாரமாக இருந்தது.

மிஷின் ஆறியதும் எல்லாத் திருகையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டினோம். ஓடுகிறது. ஆனால் முன்னைவிடக் குலுக்கம் கூடுதல். இடதுபக்கம் கீழே ஒரு கரகரப்பு. இனி ஒரு சிலிண்டர்தான் மிச்சம்.

மோசமான சங்கதி இன்னும் இருக்கிறது. நான் மிஷினைக் கெடுத்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. 'சரியான நேரத்தில் நிறுத்தினதுனால தப்பிச்சோம்' என்கிறார்கள். செல்வகணேஷ் இந்தக் கதையை வித்துரா வரைக்கும் கொண்டுபோய்விட்டான். நிறுத்தியது ஷிஜி. அவளும் வாய் திறக்கவில்லை. வண்டி ரோட்டில் மாட்டினால் தள்ளலாம். இதில் மாட்டினால் எந்தப் பக்கம் தள்ளுவது?

அப்பா

---

கிள்ளிப்பாலம்
ஆகஸ்ட் 10

அப்பா,

அது முன்சக்கர பேரிங் அல்ல.

முன்சக்கரத்தில் இரும்புக் குண்டுகள் இரும்பைத் தொட்டுக்கொண்டே ஓடும். ஆட்டம் போகும்வரை முறுக்கலாம். இங்கே தொட்டால் முடிந்தது. நீங்கள் அந்த எண்ணெயைப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டீர்கள். முள் படுத்ததற்குக் காரணம் மிஷின் குணமானதல்ல, நான்கு பக்கமும் நெரித்துப் பிடித்துவிட்டீர்கள்.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் மற்றதை எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் இறங்கட்டும் என்று.

இறங்கவில்லை. நீங்கள் முறுக்கியது எனக்குப் பெரிதில்லை. தெரியாதவர் யாரும் செய்வதுதான். ஆனால் தெரியாது என்று சொல்லமாட்டீர்கள், அதுதான். காலேஜில் சேரும்போது படிவத்தில் உங்கள் தொழில் என்ன என்று கேட்ட இடத்தில் 'லோடு ஆட்டோ டிரைவர்' என்று நான் எழுதினேன். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. நீங்கள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு 'டிரான்ஸ்போர்ட்' என்று எழுதினீர்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க்கிடம் வெட்கப்பட்டது நான் இல்லை, நீங்கள். இன்றைக்கு அதே வெட்கத்துக்கு ஒரு பெண்மணி மூச்சுவிட முடியாமல் கிடந்திருக்கிறாள்.

பெங்களூரிலிருந்து மஹேஷ் சார் போன் செய்தார். எங்கள் கம்பெனி முதலாளி, உங்களுக்குத் தெரியும். இது நாங்கள் வெளியே போட்ட முதல் பேரிங். "எப்படிப் போகிறது?" என்றார். "நன்றாகப் போகிறது சார்" என்றேன். உண்மையைச் சொன்னால் 'யார் முறுக்கினது' என்று கேட்பார். என் அப்பா என்று எப்படிச் சொல்வேன்? பாருங்கள், இப்போது நானும் உங்களைப்போல் ஒரு கோட்டுக்குள் மாட்டிக்கொண்டேன்.

உள்ளே இன்னொரு கவர் வைத்திருக்கிறேன். ஷிஜிக்கு. மலையாளத்தில் எழுதியிருக்கிறேன், எல்லாம் எழுதியிருக்கிறேன், நீங்கள் யார் என்பது உட்பட. அவள் கையில் கொடுங்கள்.

கரகரப்பு வரும் இடது கீழ் பேட் கீறியிருக்கும். அதை முழுசாகப் பின்னால் இழுக்கவேண்டும். மற்ற மூன்றும் பாரத்தைத் தாங்கவேண்டும், மூன்றும் ஒரே அளவில் அல்ல. அளவெல்லாம் அவளுக்கு எழுதியிருக்கிறேன். லயத்தில் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி எதுவும் வேண்டாம், பாரம் குறையும். சாவியை ஷிஜி பிடிக்கட்டும். நீங்கள் சூட்டைப் பார்த்துச் சத்தமாகப் படியுங்கள். அதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை.

முள் பூஜ்யத்துக்கு வரவேண்டாம். வரவே கூடாது. கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கட்டும். ஆடினால்தான் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

மலர்

---

பவர் ஹவுஸ்
ஆகஸ்ட் 13

அன்புள்ள மக்ளே,

ஷிஜிக்கு நீ எழுதிய கவர் ஒரு பகல் முழுக்க என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு தடவை எடுத்தேன். முதல் தடவை அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம் என்று வைத்தேன். இரண்டாம் தடவை அவள் சும்மாதான் இருந்தாள். காரணம் கிடைக்கவில்லை. ஆனாலும் வைத்தேன்.

கரகரப்பு கூடியபோது கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் வாயாலும் சொன்னேன், கேட்டியா. "ஷிஜி, நான் எஞ்சினியர் இல்ல. சாலை மார்க்கெட்டுல லோடு அடிக்கிற பெட்டி ஆட்டோக்காரன். எஞ்சினியர் எனக்க மக."

அவள் சிரித்தாள். "சாரே, எனக்கு அன்னிக்கே தெரியும். ஏது எஞ்சினியராக்கும் வண்டிய நிறுத்தினதும் ஓடிப்போயி டயருக்கடியில கல்லு வைக்கிறது?"

"பின்ன ஏன் எனக்க கையில சாவியத் தந்த?"

அதற்குத்தான் அவள் சிரிப்பு நின்றது. "எனக்கும் பயமாக்கும் சாரே. இந்த பேரிங்ஙு வந்தப்ப நிங்களுக்க மக மேடம் சொல்லித் தந்தது பாதி மறந்துபோச்சு. நிங்களாவது கம்பெனியில கேட்டறிஞ்சு வந்திருப்பீங்கன்னு நினைச்சேன். ஒரு கோடு திருப்பினப்ப சரியா இருந்துச்சே." என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்தாக்கும் அந்த அம்மையக் கொல்லப் பார்த்தது."

சரி, உண்மை வெளியே வந்துவிட்டது, கோட்டைக் கழற்றிவிடலாம் என்று கையை உருவினேன். ஷிஜி பாய்ந்து வந்து காலரைப் பிடித்தாள். "கழற்றாதீங்க!"

விஷயம் இது. ரோடு போன அன்றைக்கே பார்வதியம்மாளின் மருமகன்மார் இரண்டு பேரும் அந்த அம்மாவை நாற்காலியில் கட்டி, கயிற்றைப் பிடித்து, மண் சரிந்த இடத்தைத் தாண்டித் தூக்கிப் போவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன் அந்த இடத்தை. அரிசிச் சாக்கோடு செல்வகணேஷ் போகும்போதே கல் உருளுகிறது. நாற்காலியோடு நாலு பேர் என்றால் ஐந்து பேருக்கும் சேர்த்து ஜெபம் சொல்லவேண்டியதுதான். ஷிஜிதான் தடுத்திருக்கிறாள், எப்படி? "கம்பெனி எஞ்சினியர் இங்க உண்டு, கரண்டு போகாது" என்று. "நிங்கள் டிரைவர்னு அறிஞ்சா நாளைக்கே அவங்க கசேர எடுப்பாங்க சாரே. ரோடு ஆகுற வரைக்கும் நிங்கள்தான் எஞ்சினியர்."

ஆக, முந்தி நான் மாட்டியிருந்தது என் வாயில். இப்போது இரண்டு பேராக மாட்டியிருக்கிறோம். ஜிப் போன இடத்தில் ஷிஜி மூன்று சேஃப்டி பின் குத்திவிட்டாள். மூச்சை இழுத்தால் ஒன்று குத்துகிறது.

இனி மிஷின். உன் கடிதத்தை அவள் வாசிக்க வாசிக்கத்தான் செய்தோம். சாவி அவள் கையில், சூட்டின் நம்பர் என் வாயில். இடது கீழ் பேட்டை முழுசாகப் பின்னால் இழுத்ததும் கரகரப்பு நின்றது, ஆனால் முள் துள்ளியது. வலது மேல் ஒன்றரைக் கோடு. அறுபத்து ஒன்று. இடது மேல் அரைக் கோடு. அறுபத்து மூன்று. ஒவ்வொரு அரைக் கோட்டுக்கும் அவள் கண்ணை மூடிக்கொள்ளுவாள், நான் நம்பரைச் சொன்ன பிறகுதான் திறப்பாள். ஒரு தடவை அறுபத்தேழு என்று சொல்வதற்கு முன்னால் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அவள் சாவியைக் கீழே போட்டுவிட்டாள்.

அறுபத்தாறில் நின்றது. முள் மீட்டரின் பச்சைக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்று ஆடுகிறது. நீ சொன்னபடி ஆடட்டும் என்று விட்டுவிட்டோம். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உவமை சொல்லக்கூடாது என்றாய். சொல்லவில்லை. ஆனால் ஒன்று வாய் வரைக்கும் வந்தது.

நீ எழுதிய அந்த டிரான்ஸ்போர்ட் விஷயத்தைப் படித்த பிறகு கவரை மடித்து வைத்துவிட்டு எண்ணெய் கேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அப்பா

---

கிள்ளிப்பாலம்
ஆகஸ்ட் 15

அப்பா,

அறுபத்தாறு என்று வாசித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கால் வலி என்று நினைத்து மாத்திரை கொண்டுவந்தாள். விழுங்கினேன். வேண்டியிருந்தது.

மஹேஷ் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னீர்கள், நான் சொல்லாமல் இருந்தால் எப்படி? "அப்பாவா? உன் அப்பாவா?" என்று நான்கு தடவை கேட்டார். பிறகு வெகுநேரம் கத்தினார். அதற்குப் பிறகு, ஒரு பேட் இல்லாமல் மூன்று பேட்டில் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும் எனக்கு உயிர் வந்தது.

அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. ரெஸ்ட் ஹவுஸில் மத்திக்கறி வைக்கமாட்டார்களே என்று அவளுக்கு முதலிலிருந்தே சந்தேகமாம்.

இன்றைக்கு டி.வி.யில் சொன்னார்கள், அங்கே மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்களை நாளையிலிருந்து கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்குகிறார்களாம். நடக்கத் தெம்புள்ளவர்களை மட்டும். ரோடு ஆக இன்னும் நாளாகுமாம். வண்டி கிடக்கட்டும். ஷிஜிக்கு இப்போது எல்லாம் தெரியும், அவள் பார்த்துக்கொள்வாள். நீங்கள் இறங்கி வந்துவிடுங்கள் அப்பா. நான் மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் மலையில். ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளலாமே.

அந்த பேனாவை நீங்கள் வாங்கியதை நான் எழுதியிருக்கக்கூடாது.

மலர்

---

பவர் ஹவுஸ்
ஆகஸ்ட் 18

அன்புள்ள மலர் மக்ளே,

போனேன். உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு கயிறு கட்டிய இடம் வரைக்கும் போனேன். ஃபயர் ஃபோர்ஸ் பையன் என் இடுப்பை அளந்து பார்த்துவிட்டு, "சேட்டா, ஸ்வாசம் பிடிச்சோ" என்றான். இந்தக் கோட்டைப் போட்டதிலிருந்து எனக்குப் பழக்கமான வேலை அதுதான். கயிறும் மாட்டினான். எதிர்ப்பக்கம் வித்துரா பஸ் நிற்பது மரங்களுக்கு நடுவே தெரிந்தது. உன்னையும் உன் அம்மாவையும் பார்த்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

அப்போது எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த செல்வகணேஷ் மேலே திரும்பிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்: "சாரே, சார் போனா அப்புறம் பார்வதியம்மாளத் தூக்க நாற்காலிக்குச் சொல்லிரலாமா?"

கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். காரணம் என்று ஃபயர் ஃபோர்ஸ் பையனிடம் சொன்னது, செருப்பு மறந்துவிட்டேன் என்று. காலில் செருப்பு இருந்தது.

அம்மாவிடம் நீயே சொல்லு. திட்டினால் கேட்டுக்கொள். ஆம்புலன்ஸ் ஏறுகிற அளவுக்கு ரோடு ஆனதும், பார்வதியம்மாள் அதில் ஏறுகிற அன்றைக்கு நானும் பின்னாலேயே வண்டியை எடுத்து வந்துவிடுவேன். எத்தனை நாள் என்று தெரியாது. மிஷின் அறுபத்தைந்து, அறுபத்தாறில் ஓடுகிறது. இன்று காலையில் தண்ணீர் கூடியபோது ஷிஜி வலது மேலை ஒரு கால் கோடு தள்ளினாள். உன் கடிதத்தைப் பார்க்காமலேயே செய்தாள். நான் நம்பரை மட்டும் படித்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லவேண்டாம், முள் காட்டுவதைச் சொன்னால் போதும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. லயத்துக்காரர்கள் பார்வதியம்மாளின் வாசலில் கூடி எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். இங்கே கடையில் இருந்த ஒரே துண்டு, விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஷிஜி தூரத்தில் நின்று என்னையே பார்த்தாள்.

"இது நான் செஞ்சதில்ல" என்றேன். அவள் முகம் வெளுத்தது. "ஷிஜிதான் செய்யுறா. எப்படிச் செய்யணும்னு கீழ இருந்து பெரிய எஞ்சினியர் எழுதி அனுப்புறாங்க. இந்த பேரிங்க உண்டாக்கினதே அவங்கதான். கால் ஒடிஞ்சு கட்டில்ல கிடந்துட்டு எழுதுறாங்க." அவ்வளவும் உண்மை. நான் போட்டிருக்கும் கோட்டுக்கு ஒன்றும் ஆகாத உண்மை. எனக்கே பெருமையாக இருந்தது, ஒரு கோடு மட்டும் திருப்பி நிறுத்திவிட்டேன் என்று.

பார்வதியம்மாள் மூக்கில் குழாயோடு கையைத் தூக்கினாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். "அந்தச் சாருக்குக் கால் சீக்கிரம் சுகமாகணும்" என்றாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். அவள் கும்பிடுவது வேறு சாமி. ஆனாலும் நான் ஆமென் சொன்னேன், கால் உன்னுடையதல்லவா.

அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "கால் ஒடிஞ்சு கிடக்கையில பக்கத்துல ஆளு வேணும் பாத்தியளா. அந்தச் சாருக்கு ஆரு இருக்கா?"

"அம்மா இருக்காங்க" என்றேன்.

"அப்பன் இல்லியோ?"

சுற்றி எல்லோரும் நின்றார்கள். அவளுடைய மருமகன்மார் இரண்டு பேரும் நின்றார்கள். நாற்காலி சுவரோரம் கிடந்தது. அந்த அம்மாவின் மிஷின் ஒரு தடங்கலும் இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் துண்டின் விலைச் சீட்டைத் திருகிக்கொண்டே, தெரியாது என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

இருக்கான் அம்மா. பெட்டி ஆட்டோ ஓட்டுறான். இந்தா, உங்க முன்னால நிக்கான்.